பிரிட்டனில் துப்பாக்கி உரிமம்: சட்டத்தின் கடுமையும் கண்காணிப்பின் பலவீனமும்

துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையாக உள்ள நாடுகளில் ஒன்றாக பிரிட்டன் கருதப்படுகிறது. ஆயினும், 1987இல் ஹங்கர்ஃபோர்ட், 1996இல் டன்பிளேன், 2010இல் கம்ப்ரியா, 2021இல் பிளிமத் ஆகிய இடங்களில் நடந்த படுகொலைகளில் பயன்படுத்தப்பட்டவை உரிமம் பெற்ற துப்பாக்கிகளே.

இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து ஆகிய பகுதிகளில் உரிமம் வழங்கும் பொறுப்பு அந்தந்த வட்டாரக் காவல்துறைக்கு உரியது. ரைஃபிள் வைத்திருக்க விரும்புபவர் அதற்குத் தக்க காரணத்தைக் காட்ட வேண்டும். வேட்டை, பயிர்ப் பாதுகாப்பு, குறிபார்த்துச் சுடும் போட்டி ஆகியவை ஏற்கப்படுகின்றன, தற்காப்பு ஏற்கப்படுவதில்லை. அதிகாரிகள் வீட்டுக்கே வந்து, ஆயுதத்தைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டகத்தைப் பார்வையிடுகின்றனர். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். ஷாட்கன் எனப்படும் வேட்டைத் துப்பாக்கிக்கான நிபந்தனைகளோ நெடுங்காலமாகச் சற்றுத் தளர்வானவை.

ஒவ்வொரு படுகொலைக்குப் பின்னரும் நாடாளுமன்றம் பெரும்பாலும் ஆயுதத்தின் மீதே கவனம் செலுத்தியது. ஹங்கர்ஃபோர்டில் 16 பேர் கொல்லப்பட்ட பின்னர், 1988இல் பெரும்பாலான அரைத் தானியங்கி ரைஃபிள்கள் தடை செய்யப்பட்டன. டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் உயிரிழந்த பின்னர், 1997இல் கைத்துப்பாக்கிகளைத் தனியார் வைத்திருப்பது ஏறத்தாழ முற்றாகத் தடை செய்யப்பட்டது.

ஆனால் டன்பிளேன் குறித்து கல்லன் பிரபு நடத்திய விசாரணையில் மற்றொரு உண்மையும் வெளிவந்தது. கொலையாளியின் உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்று காவல்துறை அதிகாரி ஒருவர் 1991ஆம் ஆண்டிலேயே எழுத்து மூலம் பரிந்துரைத்திருந்தார். மேலதிகாரிகள் அதை ஏற்கவில்லை. உரிமம் பின்னர் புதுப்பிக்கவும் பட்டது.

முப்பது ஆண்டுகள் கழித்து பிளிமத்தில் ஏறக்குறைய அதே தவறு நிகழ்ந்தது. தாக்குதல் புகார் காரணமாக 2020இல் ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்ட ஷாட்கன்னும் உரிமமும் 2021 ஜூலையில் திருப்பித் தரப்பட்டன. அடுத்த மாதமே அவர் தம் தாயையும், மூன்று வயதுச் சிறுமி உட்பட மேலும் நால்வரையும் சுட்டுக் கொன்றார். காவல்துறையின் உரிமப் பிரிவில் கடுமையான குறைபாடுகள் இருந்ததாக 2023இல் மரண விசாரணை நடுவர் குழு முடிவு செய்தது.

பிளிமத் படுகொலைக்குப் பின்னர் மருத்துவரின் அறிக்கை இன்றி உரிமம் வழங்கலாகாது என்று அரசு நெறிமுறை வகுத்தது. 2025 பிப்ரவரியில், புதிய ரைஃபிள் உரிமத்துக்கான கட்டணம் 88 பவுண்டுகளிலிருந்து 198 பவுண்டுகளாக உயர்த்தப்பட்டது. உரிமப் பணிக்கான முழுச் செலவையும் ஈடுகட்டவே இந்த உயர்வு என்பது அரசின் வாதம். தாமதங்கள் தொடரும்போது கட்டணம் மட்டும் உயர்வது நியாயமல்ல என்று வேட்டைக்காரர் அமைப்புகள் கூறுகின்றன.

அவர்களது குறையைப் புறக்கணிக்க இயலாது. எனினும், எல்லாக் கொலைகளையும் முன்கூட்டியே கணித்துவிட முடியாது என்றாலும், டன்பிளேனிலும் பிளிமத்திலும் எச்சரிக்கை காவல்துறையின் கோப்பிலேயே இருந்தது. எந்தத் துப்பாக்கியை அனுமதிப்பது என்பதைச் சட்டம் தீர்மானித்துவிடலாம். யாரிடம் அது தொடர்ந்து இருக்கலாம் என்பதை அதிகாரி ஒருவர்தான் தீர்மானிக்க வேண்டியுள்ளது. அவருக்குத் தேவையான பயிற்சியும், 'முடியாது' என்று சொல்லும் துணிவுக்கு மேலதிகாரிகளின் ஆதரவும் கிடைக்குமா என்பதே பிரிட்டன் இன்று எதிர்நோக்கும் கேள்வி.