இருபத்தைந்தின் எடை

நம் அரசு கலைக் கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 என்பது வழக்கம். முன்னதில் 80 விழுக்காடும் பின்னதில் 60 விழுக்காடும் பெற்றவர், கூட்டி இரண்டால் வகுத்து 70 என்று மகிழ்கிறார். தவறு! 25-க்கு 20, 75-க்கு 45, ஆக 65தான். பாவு, ஊடை, ஜரிகை என்று தனித்தனியே எடைபோட்டுப் பழகிய சந்தவாசல் மாணவருக்கு இது புதிதன்று.

ஆனால் அந்த 25-க்குள் தேர்வுக்கு எத்தனை, ஒப்படைப்புக்கு எத்தனை, வருகைக்கு எத்தனை? பருவ முடிவில் தெரிந்து என்ன பயன்? முகூர்த்த மாதத்தில் வீட்டுத் தறியில் அமர்ந்து ஒரு தேர்வைத் தவறவிடும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை, இழப்பது எவ்வளவென்று முன்பே அறிய வேண்டாமா? பருவத்தின் முதல் நாளே அப்பங்கீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது துறைகளின் கடமை. ஒரு தாள், கொஞ்சம் பசை, அவ்வளவே செலவு!