நுழைவுத்திரையும் தமிழில் வேண்டும்

மாவட்டப் பள்ளிக் கணினிகளுக்குப் பொறுப்பான அலுவலர் அவர்களுக்கு,



லினக்ஸ் கணினியில் பயனரின் மொழி வேறு, நுழைவுத்திரையின் மொழி வேறு. பயனர் தமக்கெனத் தேர்ந்த தமிழ், கடவுச்சொல் கொடுத்து உள்ளே போன பிறகுதான் செல்லுபடியாகும். அதற்கு முந்தைய திரையை நடத்துவது ஜிடிஎம், லைட்டிஎம் போன்ற தனி நிரல். எந்தப் பயனரின் விருப்பமும் அதைக் கட்டுப்படுத்தாது. கணினி முழுமைக்குமான மொழி அமைப்பைத்தான் அது படிக்கும்.

திருச்சுழி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியரின் கணக்கை மட்டும் தமிழாக்கிவிட்டு வேலை முடிந்ததாக எழுதப்பட்டது. ஆங்கிலத்திலேயே நின்ற நுழைவுத்திரையில் இருந்த பெயர்களில் தன் பெயரைக் காணாத ஆறாம் வகுப்பு மாணவி, அடியில் சிறிதாகக் கிடந்த ‘நாட் லிஸ்டட்?’ (பட்டியலில் இல்லையா?) என்பதைச் சொடுக்கலாம் என்று தெரியாமல் பாடவேளை முழுதும் உட்கார்ந்திருந்தாள். மழை பொய்த்தால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடப் போகிற குடும்பம் அவளுடையது. பள்ளியை விட்டால் அவளுக்குக் கணினி இல்லை. பெற்றோர் கொடுத்த மனுக்களுக்கு வந்த பதில்: தமிழ் நிறுவப்பட்டுள்ளது, மனு முடித்துவைக்கப்படுகிறது. பதில் எழுதியவர் கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தால் போதும். அதைக்கூடச் செய்யாததற்கு அலுவலகம் வெட்கப்பட வேண்டும்.

டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு, சிடாக்கின் பாஸ் ஆகியவற்றிலும் முதலில் இந்தியத் தமிழுக்கான லொக்கேலை, அதாவது மொழி-வட்டார அமைப்பை, உருவாக்க வேண்டும். உருவாக்காமல் பெயரை மட்டும் எழுதினால் திரை ஆங்கிலத்திலேயே நிற்கும். உபுண்டுவுக்குத் தமிழ் மொழிப்பொதியும் தேவை. பிறகு, ‘எட்சி’ அடைவில் ‘டீஃபால்ட்’டின் கீழுள்ள ‘லொக்கேல்’ கோப்பில் ‘லாங்’ என்பதன் மதிப்பை ‘டிஏ_ஐஎன்.யுடிஎஃப்-8’ என மாற்ற வேண்டும். ஃபெடோராவில் அதே வரி ‘லொக்கேல்.கான்ஃப்’ கோப்பில் இருக்கும். தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள்தான் தெரியும்.

விசைப்பலகை தனி விஷயம். கடவுச்சொற்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால் ஆங்கிலம் முதலாவதாகவும், அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 இரண்டாவதாகவும் இருக்க வேண்டும். இடம் மாறினால், விசைப்பலகையை மாற்றத் தெரியாதவர்கள் உள்ளே போக முடியாது.

அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் பழுதுபார்ப்பவர் ஒருவரே இவ்வளவையும் செய்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளை எண்ணியாவது இதற்கு ஆணையிடுங்கள். கணினியை மறுபடி தொடங்கி, ஒரு மாணவரை முன்னே உட்காரவைத்துப் பார்த்த பிறகே மனுவை முடித்ததாக எழுதுங்கள்.