கட்டிப்பிடி ஹார்மோன் என்று அனுப்புகிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் இதையாவது முழுசாகப் படியுங்கள்.

ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே செய்திதான் சுற்றுகிறது. ஒரு நாளைக்கு எட்டு முறை கட்டிப்பிடிக்க வேண்டுமாம். பிடித்தால் ஆக்ஸிடோசின் என்ற அன்பு ஹார்மோன் சுரக்குமாம், வீட்டில் சண்டையே வராதாம். சென்னையில் இருக்கும் என் மருமகன் ஒரு படி மேலே போய், அதை மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக ஆன்லைனில் விற்கிறார்கள், வாங்கலாமா மாமா என்று கேட்டிருக்கிறான். வேண்டாம் மருமகனே. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆக்ஸிடோசின் பொய் இல்லை. மூளையின் அடிப்பகுதியில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பி வழியாக ரத்தத்தில் கலக்கும் பொருள். ஒன்பது அமினோ அமிலங்கள் சேர்ந்தது. பிட்யூட்டரிச் சாறு கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கிறது என்று 1906-ல் ஹென்றி டேல் கண்டார். 1953-ல் டு விக்னோ அதைச் செயற்கையாகச் செய்து காட்டினார், 1955-ல் நோபல் பரிசு பெற்றார். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கை நிறுத்த இன்றும் ஆஸ்பத்திரியில் போடும் ஊசி அதுதான். எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த மரியாதை அதற்கு உண்டு.

ஆனால் அது அன்பா? இதற்குப் பதில் எங்கள் வீட்டுத் தொழுவத்திலேயே இருந்தது.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு சிவலைப் பசு நின்றது. அம்மாதான் கறப்பாள். கன்றை அவிழ்த்துவிட்டால் ஓடிவந்து மடியை முட்டும். காம்பில் வாய் வைத்த கொஞ்ச நேரத்தில் பால் இறங்கிவிடும். அம்மா ஊருக்குப் போன அன்று அப்பா போய் உட்கார்ந்தால் காலைத் தூக்கும், பாலை அடக்கிக்கொள்ளும். “மாட்டுக்குத் திமிரு” என்பார் அப்பா. திமிர் இல்லை. கன்று முட்டும் சேதி நரம்பு வழியாக மூளைக்குப் போய், ஆக்ஸிடோசின் ரத்தத்தில் வந்து, மடியை அழுத்தினால்தான் பால் இறங்கும். மிரண்டால் அட்ரினலின் வந்து அந்த வேலையைத் தடுத்துவிடும். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்து முன்னால் நிறுத்திக் கறந்ததை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தொடுவது யார், பக்கத்தில் நிற்பது யார் என்று பார்த்துத்தான் அந்த ஹார்மோனே வருகிறது.

மனுஷன் என்ன செய்தான்? கன்றும் வேண்டாம், பழகிய கையும் வேண்டாம் என்று மாட்டுக்கு அந்த ஊசியையே போட்டான். அதைத் தடுக்க 2018 ஏப்ரலில் மத்திய அரசு, தனியார் யாரும் இந்த மருந்தைத் தயாரிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. தாய்மாருக்கு மருந்து கிடைக்காமல் போய்விடும் என்று வழக்குப் போட்டார்கள். அந்த டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. ஊசி போட்டால் பால் வரும், சரி. அந்த மாடு கறக்கிறவன்மேல் பாசம் வைத்துவிட்டது என்று யாராவது சொல்வீர்களா? மூக்கில் ஸ்பிரே அடிக்கப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மனிதர்களிடமும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆண்களின் காலை ஒருவர் வருடினார். வருடுவது பெண் என்று ஒரு முறையும் ஆண் என்று ஒரு முறையும் நம்பவைத்தார்கள். இரண்டு முறையும் வருடியது ஒரே பெண்தான். ஆனாலும் தொடு உணர்வைப் பதிவு செய்யும் மூளைப் பகுதியே இரண்டுக்கும் வேறு வேறு மாதிரி வேலை செய்தது. 2014-ல் ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் 40 ஆண்களுக்கு ஆக்ஸிடோசின் ஸ்பிரே கொடுத்துச் சோதித்தார்கள். தொடுவது பெண் என்று நம்பியபோது சுகம் கூடியது. ஆண் என்று நம்பியபோது கூடவில்லை. 2010-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இன்னொன்று கண்டார்கள்: இந்த ஸ்பிரே அடித்தவர்கள் தன் குழுவுக்கு அதிகம் விட்டுக்கொடுத்தார்களே தவிர, உலகத்துக்கே அல்ல. ஊர் முழுக்க இதைத் தெளித்தாலும் நம்மாளை இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடிப்போம், அவ்வளவுதான்.

இனி நான் எழுதத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து 1985-ல் வேலைக்குச் சேர்ந்தேன். நோட்டுத் திருத்தும்போது சில பிள்ளைகளின் நோட்டைக் கையில் வாங்குவேன். சில பிள்ளைகளை மேசைமேல் வைக்கச் சொல்வேன். எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்குச் சரியாகப் போட்டவனை முதுகில் தட்டிக்கொடுப்பேன். அதே கணக்கை அவனைவிட அழகாகப் போட்ட இன்னொருவனுக்கு வாயால் ‘குட்’ மட்டும் சொல்வேன். அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்று பாடம் நடத்தியவனும் நான்தான். ஒரு நாள் ஒரு பையன், நான் சொல்வதற்கு முன்பே நோட்டை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். ஒன்பது வயது. அந்தப் பாடத்தை அவனுக்கு நடத்தியதும் நான்தான்.

மறுநாளிலிருந்து எல்லார் நோட்டையும் கையில் வாங்கினேன். முதல் சில நாள் உள்ளே கூசியது உண்மை. பிறகு கூசவில்லை. கூச்சம் தோலில் இல்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்த நினைப்பில் இருந்தது.

அதெல்லாம் அந்தக் காலம் என்று சொல்லாதீர்கள். 2022 செப்டம்பரில் நம் தென்காசி மாவட்டத்திலேயே, சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில், மிட்டாய் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்குத் தர முடியாது என்று கடைக்காரர் சொன்ன வீடியோவை எல்லாரும் பார்த்தோம். அதை அனுப்பியவர்கள்தான் இன்று கட்டிப்பிடிச் செய்தியையும் அனுப்புகிறீர்கள்.

“வேற்றாள் கை கூசுவது இயற்கைதானே சார்? மாடே அப்படித்தானே?” என்று சிலர் கேட்பீர்கள். அம்மா காய்ச்சலில் படுத்த அந்த மாசம், ஒரு வாரத்தில் அப்பாவின் கைக்கும் அந்தப் பசு பால் விட்டது. இதோ பக்கத்தில் குற்றாலத்தைப் பாருங்கள். சாரல் காலத்தில் முன்பின் தெரியாத ஆளிடம் முதுகைக் கொடுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்கிறோம். அப்புறம் ஐந்தருவியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறோம். யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கே கூசாத உடம்பு, சுந்தரபாண்டியபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஏன் கூசுகிறது?

இதற்கு மறுபக்கமும் உண்டு. கோயில் கொடைக்கு ஊருக்கு வரும் சின்னப் பிள்ளைகளை நாம் படுத்தும் பாடு. கன்னத்தைக் கிள்ளுவது, இழுத்து மடியில் வைப்பது, “மாமாவுக்கு முத்தம் குடு, தாத்தாவுக்கு ஒண்ணு குடு” என்று அதட்டுவது. அந்தப் பிள்ளை உடம்பை வளைத்து நழுவப் பார்க்கிறது, நாம் சிரிக்கிறோம். பள்ளியில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லப் பழக்குகிறார்கள். வீட்டில் நாம் அதை அழிக்கிறோம். போக்சோ சட்டம் 2012-லேயே வந்துவிட்டது. சட்டத்துக்காகக்கூட வேண்டாம். விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டிப்பிடித்தால் மிரண்ட மாட்டுக்கு நடப்பதுதான் நடக்கும். என் தம்பி, தங்கை வீட்டாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபித்தாலும் பரவாயில்லை.

தொட வேண்டிய இடத்தில் நாம் தொடுவதும் இல்லை. நம் தோலில், மெதுவாக வருடுவதற்கென்றே தனி நரம்புகள் இருக்கின்றன. விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால்தான் அவை நன்றாக வேலை செய்யும். நம் ஆச்சிகள் தலையைக் கோதிவிடும் வேகம் அதுதான். இன்று அந்த ஆச்சிகளை யார் தொடுகிறோம்? பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வீடியோ கால் வருகிறது. ஊருக்கு வந்தால் சூரியகாந்தித் தோட்டத்தில் தோள்மேல் கை போட்டு போட்டோ எடுக்கிறீர்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவளுக்கு மாத்திரை டப்பா வாங்கி வைத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள். அடுத்த முறை வரும்போது அவள் காலில் கொஞ்சம் எண்ணெய் தேய்த்துவிடுங்கள். அவளுக்கு விருப்பமா என்று முதலில் கேளுங்கள்.

எட்டு முறை என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தச் செய்தியை இனி எனக்கு அனுப்பவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். இந்தக் குழுவிலேயேகூட இருக்கலாம். தம்பி, நீ இதைப் படித்தால் பின்னூட்டத்தில் ஒன்றும் எழுத வேண்டாம். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல், நானே வருகிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.