பழைய உருக்குக் கட்டிடத்தின் மேல் இன்னொரு மாடியா?

வியாபாரம் பெருகும்போது முதலாளிமாருக்கு முதலில் வரும் யோசனை, இருக்கின்ற கட்டிடத்தைப் பெருப்பிப்பதுதான். புதுக் காணி வாங்கத் தேவையில்லை. வாடிக்கையாளரும் இடம் தேடி அலையமாட்டார்கள். அதுவும் உருக்குச் சட்டகக் கட்டிடம் என்றால், "கொங்கிரீட்டைப் போலப் பாரமில்லை, வளைந்து கொடுக்கும், இன்னும் இரண்டு மாடி தாங்கும்" என்று ஒப்பந்தக்காரர் தைரியம் சொல்லிவிடுவார். பூமியதிர்ச்சி வரும் நாடுகளில் இந்தப் பேச்சை நம்பி முதலிடுவது ஆபத்தானது என்பதே எமது கருத்து.

1994 ஜனவரி 17ஆம் திகதி அதிகாலை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் நோர்த்ரிட்ஜ் பகுதியை 6.7 அளவிலான பூமியதிர்ச்சி உலுக்கியது. உருக்குக் கட்டிடங்களே மிகப் பாதுகாப்பானவை என்று பொறியியலாளர்கள் அதுவரை எண்ணியிருந்தனர். பின்னர் பரிசோதித்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட கட்டிடங்களில், தூணும் உத்தரமும் சேரும் பற்றவைப்பு மூட்டுகள் வெடித்திருந்தன. வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிய பிறகுதான் பல வெடிப்புகள் கண்ணில் பட்டன.

அதே நோர்த்ரிட்ஜில் உள்ள அரச பல்கலைக்கழகத்தின் நூலகம் 1973இல் திறக்கப்பட்டது. 1991இல் அதன் இரு பக்கங்களிலும் உருக்குச் சட்டகத்தால் புதிய பகுதிகள் சேர்க்கப்பட்டன. மூன்று வருடங்கள் நிறைவதற்குள் பூமியதிர்ச்சி வந்தது. தூண்களின் கீழிருந்த, சுமார் 4 அங்குலத் தடிப்பான அடித்தட்டுகளே வெடித்தன. பழைய நடுப்பகுதி நின்றது. புதிய பக்கங்களை இடித்துத்தான் மீளக் கட்ட வேண்டியிருந்தது. புதியது என்பதற்காகப் பலமானது என்று சொல்ல முடியாது.

மேலே ஒரு மாடி ஏறினால் என்ன நடக்கிறது? பூமியதிர்ச்சியின் விசை கட்டிடத்தின் நிறையைப் பொறுத்தது. நிறை உச்சியில் கூடினால் கீழ்த் தூண்களும் அத்திவாரமும் அதிகம் இழுபடும். ஒரு பக்கத்தில் மட்டும் ஒட்டிக் கட்டினால் முழுக் கட்டிடமும் முறுகும். வேறாகக் கட்டினால் இடைவெளி விட வேண்டும். 1985இல் மெக்சிகோ நகரில் அடுத்தடுத்து நின்ற பல கட்டிடங்கள் ஆட்டத்தில் ஒன்றோடொன்று மோதின. (அந்த இடைவெளியை வீண் இடம் என்று நினைத்து சீமெந்து போட்டு அடைக்கின்ற உரிமையாளர்களும் உண்டு!)

இதைவிடப் பெரிய தலையிடி பழைய இரும்பே. வரைபடம் தொலைந்திருக்கும். எந்தத் தர உருக்கு, பற்றவைப்புக்கு ஏற்றதா என்பது தெரியாது. துண்டு வெட்டி ஆய்வுகூடத்துக்கு அனுப்பித்தான் அறிய வேண்டும்.

அமெரிக்காவில் பின்பற்றப்படும் கட்டிட விதிகளில் இதற்கு ஓர் எல்லை உண்டு. புதிய சேர்க்கையால், பழைய கட்டிடத்தில் பூமியதிர்ச்சியைத் தாங்கும் உறுப்புகளின் சுமைக்கும் அவற்றின் பலத்துக்கும் உள்ள விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் கூடினால், அவை பூமியதிர்ச்சி விதிகளுக்கு ஏற்றவை என்று காட்ட வேண்டும். முடியாவிட்டால் பலப்படுத்த வேண்டும். கணக்குப் பிழைப்பது இங்கேதான். மேல்மாடிக்கு மட்டும் செலவைப் போட்டு வங்கிக்கடன் எடுத்தவர், கீழ்மாடிகளின் கூரைத் தட்டுகளைக் கழற்றி மூட்டுகளைப் பலப்படுத்தும் செலவையும், அதுவரை கடை மூடிக் கிடக்கும் நட்டத்தையும் எங்கிருந்து கட்டுவார்?

விதி கடுமையானது என்று முணுமுணுப்போர் உண்டு. எமக்கு அது நியாயமாகவே படுகிறது. கீழே வேலை செய்பவரும் சாமான் வாங்க வருபவரும் மூட்டைப் பரிசோதித்துவிட்டு உள்ளே வருவதில்லை. சான்டா மொனிக்கா நகரம் 2017இல் நிறைவேற்றிய சட்டத்தில், புதிதாக எதுவும் கட்டாத பழைய உருக்குச் சட்டகக் கட்டிடங்களின் உரிமையாளர்களும் அவற்றைப் பலப்படுத்த வேண்டும் என்றே விதித்தது.

ஆகவே விலை கேட்பதற்கு முன் ஒரு கட்டமைப்புப் பொறியியலாளரை அழைத்து, நாலைந்து மூட்டுகளையாவது திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால், பக்கத்தில் தனிக் கட்டிடம் போடுவதே மலிவு.