ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா

தீபாவளி நெருங்கிவிட்டால் நம் மாணவர்களிடையே ஒரு பேச்சு தவறாமல் எழும். “தேக்காவுக்குப் போகலாமா?” என்று ஒருவர் கேட்பார். “போகலாம், ஆனா ஞாயிற்றுக்கிழமை வேணாம். அவங்க கூட்டம் தாங்காது” என்பார் இன்னொருவர். யார் அந்த ‘அவங்க’ என்று யாரும் கேட்பதில்லை. வாரமெல்லாம் கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைத்துவிட்டு, கிடைக்கும் ஒரு நாள் ஓய்வில் தேக்காவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்களைத்தான் அச்சொல் குறிக்கிறது. முதலாம் ஆண்டில் நானும் அப்படிச் சொன்னவள்தான். இன்று சொல்வதில்லை.

பண்டிகைக் கடைத்தெரு என்றதும் நம் நினைவுக்கு வருபவை அலங்கார வளைவுகளும் ஒளியூட்டும்தாம். ஆர்ச்சர்ட் சாலையின் கிறிஸ்துமஸ் ஒளியூட்டு 1984-இல் தொடங்கியது. சிராங்கூன் சாலையின் தீபாவளி ஒளியூட்டும் 1980களில் வந்ததே. தேக்காவோ அதற்கு நூறாண்டுகளுக்கும் முந்தியது. ரோச்சோர் ஆற்று நீரையும் புல்வெளியையும் நம்பி இங்கே மாட்டுத் தொழுவங்கள் எழுந்தன. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் இன்றும் அதற்குச் சாட்சி. சுண்ணாம்புச் சூளைகள் இருந்ததால் இவ்வட்டாரத்துக்குச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றும் பெயர் உண்டு. மாடு மேய்த்தவர்களும் சூளையில் உழைத்தவர்களும் வாழ்ந்த இடத்தில்தான் அரிசிக் கடையும் துணிக் கடையும் பெருகின. உழைப்பாளிகளை நம்பி வளர்ந்த கடைத்தெரு இது என்றால் அது மிகையாகாது.

ஜொகூரில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்குத் தேக்கா கிடையாது. சைக்கிளில் துணி மூட்டையோடு லயத்துக்கு வரும் வியாபாரியிடம் தவணைக்குத் துணி எடுப்பாராம். பிள்ளைகளுக்கு எடுத்த பிறகு கடன் தாங்கினால்தான் தனக்கொரு சேலை. பல தீபாவளிகளுக்கு அது தாங்கியதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

சென்ற ஆண்டு, தீபாவளிக்கு முந்திய ஞாயிறன்று, வேறு நாள் வாய்க்காமல் தேக்காவுக்குப் போனேன். ஒரு துணிக்கடையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பாவாடை சட்டை ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“பாப்பா எவ்வளவு உயரம்ணே?” என்று கேட்டார் கடைப்பெண்.

அவர் தம் இடுப்பருகே கையை வைத்தார். “ரெண்டு வருசத்துக்கு முன்னாடி பாத்தப்போ இவ்வளவு இருந்தா தங்கச்சி.” பிறகு சற்று யோசித்து, கையை ஒரு சாண் உயர்த்தினார். அந்த அளவுக்கே வாங்கினார். தமக்கென எதுவும் வாங்கவில்லை. எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது.

கூட்டம் உண்மைதான், மறுக்கவில்லை. கேம்பல் லேனில் கால் வைக்க இடமிராது. பெருவிரைவு ரயில் நிலையத்தை அடையவே அரைமணி நேரமாகும். ஆனால் மக்கள் நெரியாத தீபாவளிச் சந்தை உலகில் எங்கே இருக்கிறது? சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெருவில் இடிபட்டால் அதை ‘அனுபவம்’ என்று படமெடுத்துப் போடுகிறோம். இங்கே இடிபட்டால் மட்டும் முகம் சுளிக்கிறோம். அப்படியானால் நம்மை உறுத்துவது நெரிசலா, நெருங்கி நிற்பவரா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தமிழைப் புழங்கு மொழியாக எப்படிக் காப்பது என்று நாம் ஆண்டுதோறும் கருத்தரங்கு நடத்துகிறோம். ஞாயிறன்று தேக்காவில் விலை கேட்பதும் பேரம் பேசுவதும் ஊருக்குப் பணம் அனுப்புவதும் தமிழிலேயே நடக்கின்றன. கடைக்காரரிடம் ஆங்கிலத்தில் விலை கேட்பவர்கள் பெரும்பாலும் நாம்தாம். அந்தக் கூட்டம் வராவிட்டால் இக்கடைகளில் எத்தனை நிலைக்கும், எத்தனை கல்லாப்பெட்டிகளில் தமிழ் ஒலிக்கும்?

ஆகவே, நண்பர்களே, இவ்வாண்டு தீபாவளிக்கு முந்திய ஞாயிறன்றே தேக்காவுக்குப் போவோம். வரிசையில் நிற்போம். பக்கத்தில் நிற்பவரிடம், “அண்ணே, ஊருக்கு என்ன வாங்குறீங்க?” என்று தமிழில் கேட்போம். ‘அவங்க’ என்னும் சொல்லை இந்தத் தீபாவளியோடு விட்டுவிடுவோம்.