தொட்டியில் வளர்வது ஆமையா, அட்டையா?

அண்மையில் தென்கரைப் பக்கம் சென்றிருந்தபோது ஆமைக்குஞ்சு பொரிப்பகம் ஒன்றுக்குள் நுழைந்தேன். அனுமதிச்சீட்டு வாங்கித்தான். (பத்திரிகையாளன் என்று சொல்லியிருந்தால் இலவசமாக விட்டிருப்பார்கள், ஆனால் எல்லாவற்றையும் காட்டியிருக்க மாட்டார்கள்.) சீமெந்துத் தொட்டியொன்றில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்து நீந்திக்கொண்டிருந்தன. அடுத்த தொட்டியில், வலையில் அகப்பட்டதாகச் சொல்லப்பட்ட பச்சை ஆமை ஒன்று. அதன் கழுத்து மடிப்பிலும் துடுப்புகளின் அடியிலும் கறுத்த நூல்கள் போல ஏதோ நெளிந்தன. என்னவென்று கேட்டேன். "கடல் பூச்சி மாத்தயா, தன்பாட்டில் விழுந்துவிடும்" என்றார் அங்கு நின்றவர்.

விழாது. அவை ஆமை அட்டைகள். இவ்வகை அட்டை ஆமையின் உடலிலேயே முட்டையிட்டு, அங்கேயே பொரித்து, அதன் குருதியையே குடித்து வளரக்கூடியது. திறந்த கடலில் ஓர் ஆமையில் சில அட்டைகள் இருப்பது புதினமல்ல. ஆனால் அடைத்து வைத்த நீரில் அவை பெருகினால் தோல் அரிக்கப்பட்டு, இரத்தம் வற்றி ஆமை சோர்ந்துவிடும். கட்டிகளை உண்டாக்கும் ஒருவகை ஹேர்பிஸ் வைரசை இந்த அட்டைகளே ஓர் ஆமையிலிருந்து இன்னோர் ஆமைக்குக் கடத்துகின்றன என்ற வலுவான சந்தேகமும் விஞ்ஞானிகளிடம் உண்டு. அக்கட்டி நோய் 1938இலேயே அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. கட்டி கண்ணை மூடினால் ஆமைக்கு இரை தெரியாது.

கண்ணுக்குத் தெரியும் அட்டையே இப்படியென்றால் தெரியாதவற்றை என்னென்பது? இதயத்திலும் இரத்தக் குழாய்களிலும் வாழும் தட்டைப்புழுக்கள் இடும் முட்டைகள் இரத்தத்தோடு அடிபட்டுச் சென்று மூளையிலும் நுரையீரலிலும் சிக்கி அழற்சியை உண்டாக்குகின்றன. ஹவாயிலும் அவுஸ்திரேலியாவிலும் இறந்தொதுங்கிய ஆமைகளை அறுத்துப் பார்த்தவர்கள் இப்புழுக்களைத் திரும்பத் திரும்பக் கண்டார்கள். 1991இல் குயின்ஸ்லாந்தின் மோர்ட்டன் விரிகுடாவில் எழுபதளவான பச்சை ஆமைகளைக் கொன்றது ஒரு தனிக்கல ஒட்டுண்ணி. அதே உயிரி 1970களில் கேமன் தீவின் ஆமைப் பண்ணையில், தொட்டியில் வளர்த்த குஞ்சுகளைத் தாக்கியதன் மூலமே முதன்முதலில் அறியப்பட்டது. நெருக்கி அடைத்து வளர்ப்பதன் ஆபத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இனப்பெருக்கத்துக்கும் இதற்கும் தொடர்புண்டு. பெண் ஆமை தான் இடப்போகும் முட்டைகளுக்கான கொழுப்பை மேய்ச்சல் நிலத்திலேயே சேர்த்துக்கொண்டுதான் கரைக்குப் புறப்படுகிறது. போதிய அளவு சேராவிட்டால் அந்தப் பருவத்தை அது தவிர்த்துவிடும். பச்சை ஆமை முட்டையிடும் பருவத்தை அடைய இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். அந்த உடலின் சேமிப்பை ஒட்டுண்ணி தின்றால், வராமற்போன முட்டைகளை எந்தப் பொரிப்பகம் கணக்கெடுக்கும்?

பொரிப்பகக்காரர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது; மறைக்க மாட்டேன். அவர்கள் காசு கொடுத்து வாங்காவிட்டால் முட்டைகள் சட்டிக்குப் போய்விடும் என்கிறார்கள். உண்மைதான். சட்டம் தடுத்தும் முட்டையும் இறைச்சியும் விற்கப்படுவதை வடக்கிலும் தெற்கிலும் கண்டவன் நான். ஆனால் முட்டையைக் காப்பது வேறு, பொரித்த குஞ்சை உல்லாசப் பயணியின் உள்ளங்கைக்காக மூன்று நாட்கள் அடைத்து வைப்பது வேறு. மணலிலிருந்து வெளிவரும் குஞ்சு, வயிற்றில் எஞ்சிய மஞ்சட்கருவின் பலத்தில் ஏறத்தாழ ஒரு நாள் விடாது நீந்தி ஆழ்கடலைச் சேர வேண்டும். அந்தப் பலம் தொட்டிச் சுவரை முட்டுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. பிறகு அதே நீரில் தொற்றிய நோயோடு கடலில் விடுகிறோம். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

எங்கள் தொழிலும் குற்றமற்றதல்ல. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபின் ஆமைகள் இறந்தொதுங்கியபோது காரணத்தைக் கேட்டு நாடே எழுந்தது, கேட்க வேண்டியதும்தான். மற்றைய நாட்களில் ஓர் ஆமை செத்தொதுங்கினால் படமும் நான்கு வரியும் போட்டு முடித்துவிடுவோம். அறுத்துப் பார்த்தீர்களா என்று திணைக்களத்திடம் கேட்டு நான் எழுதிய செய்தி ஒன்றுகூட என் கோப்புகளில் இல்லை.

அட்டையை அகற்ற மருந்துகூட வேண்டியதில்லை. ஆமையை ஒருநாளளவு நன்னீரில் வைப்பது உலகெங்கும் ஆமை வைத்தியர்கள் செய்வது. பெரும்பாலான அட்டைகள் அதில் இறந்துவிடும். வெளியேறும்போது நன்கொடை உண்டியலைக் காட்டினார்கள். இங்கே நன்னீர்த் தொட்டி இருக்கிறதா என்று கேட்டேன். பயணிகள் கைகழுவும் குழாயைக் காட்டினார்.