ஒரே ஆளிடம் பேசி முடித்த பேரம்

கூடைப்பந்தாட்டத்துக்கு நம் இதழில் என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆட்டம் எப்படியோ போகட்டும். ஒரு பேரத்தைப் பற்றியே எழுதுகிறேன். அது சரியா தவறா என்று அமெரிக்க ரசிகர்கள் இன்றும் அடித்துக்கொள்கிறார்கள்.

அங்கே ஓர் அணி தன் ஆட்டக்காரரைப் பெரும்பாலும் ரொக்கத்துக்கு விற்பதில்லை. ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். நம் பாட்டன் காலத்துப் பண்டமாற்றுதான். 2025 பிப்ரவரி தொடக்கத்தில், டாலஸ் மேவரிக்ஸ் அணி லூகா டோன்சிச் என்ற 25 வயது வீரரை லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்தது. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிச் சுற்றுவரை கொண்டு சென்றவர் அவர். பதிலுக்குக் கிடைத்த முக்கிய ஆள் 31 வயதான ஆன்டனி டேவிஸ். கூடவே மாக்ஸ் கிறிஸ்டி என்ற இளைஞரும், 2029ஆம் ஆண்டின் புதுமுகத் தேர்வில் முதல் சுற்று வாய்ப்பு ஒன்றும்.

டாலஸ் நிர்வாகி நிகோ ஹாரிசன் சொன்ன காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. கோப்பையை வெல்லத் தடுப்பாட்டம் வேண்டும், டேவிஸ் அதில் தேர்ந்தவர் என்றார். டோன்சிச்சின் உடற்கட்டைப் பற்றியும் அணிக்குள் கவலை இருந்தது. அவரை வைத்துக்கொள்வதானால் அடுத்த ஒப்பந்தத்துக்கு 5 ஆண்டுகளில் சுமார் 34.5 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருக்கும். கெட்டுப்போகும் என்று சந்தேகப்படும் சரக்கில் அவ்வளவு முதலைப் போட யாருக்கும் கை நடுங்கும். நிர்வாகியை ஆதரித்த ரசிகர்கள் இதைத்தான் சொன்னார்கள்.

நான் குறை காண்பது விற்றதை அல்ல, விற்ற விதத்தை. பேச்சு ரகசியமாக ஒரே ஓர் அணியோடு நடந்து முடிந்துவிட்டது. டோன்சிச் விலைக்கு வருகிறார் என்பதே மற்ற அணிகளுக்குத் தெரியாது. பத்து மூட்டை துவரம்பருப்பைத் தள்ளிவிடுவதானாலும் நாம் மண்டியில் நாலு பேரிடம் விலை கேட்கிறோம். அப்படியொரு ஆளைக் கைமாற்றும்போது போட்டிக்கு இன்னொருவரை நிறுத்தியிருந்தால், வாங்குபவர் இன்னும் இரண்டு வாய்ப்புகளைச் சேர்த்துக் கொடுத்திருப்பார். லேக்கர்ஸோ 2031ஆம் ஆண்டு வாய்ப்பைத் தன் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டது.

வாடிக்கையாளர்? அவர்களை யாரும் நினைக்கவே இல்லை. அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டி வைத்துத் துக்கம் அனுசரித்தார்கள். உள்ளே நிர்வாகியை நீக்கு என்று முழங்கினார்கள். டேவிஸ் முதல் ஆட்டத்தில் நன்றாகவே ஆடினார்; அதே ஆட்டத்தில் காயப்பட்டு ஆறு வாரம் உட்கார்ந்துவிட்டார். மார்ச்சில் கைரி இர்விங்கின் முழங்காலும் போயிற்று. அது பேரத்தின் குற்றமல்ல, என்றாலும் பழி எல்லாம் ஒரே தலையில்தான் விழுந்தது. அந்த ஆண்டு டாலஸ் 39 வெற்றி, 43 தோல்வி.

லேக்கர்ஸுக்கும் உடனே கோப்பை கிடைத்துவிடவில்லை என்று ஹாரிசன் பக்கத்தார் வாதிடுவார்கள். உண்மைதான், 2025இல் அவர்கள் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் தோற்றார்கள். மே மாதக் குலுக்கலில் வெறும் 1.8 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு டாலஸ் முதலிடம் பெற்று, கூப்பர் ஃபிளாக் என்ற புதுமுகத்தை எடுத்தது. அதைக் காட்டி, எல்லாம் நன்மைக்கே என்பவர்களும் உண்டு. லாட்டரியில் விழுந்த பணத்தைக் கடை லாபத்தில் எழுதுகிற கணக்குப்பிள்ளையை நாம் வேலைக்கு வைத்துக்கொள்வோமா?

2025 ஏப்ரல் 9 அன்று டோன்சிச் எதிரணிச் சட்டையில் டாலஸுக்கு வந்து 45 புள்ளிகள் குவித்தார். சொந்த ஊர்க் கூட்டம் அவருக்காகத்தான் கைதட்டியது. அந்த நவம்பரில் புதிய பருவம் தொடங்கி 11 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே டாலஸ் வென்றிருந்த நிலையில், ஹாரிசன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.